கடலுக்குள் நிற்கும் கல்தூண்கள்
கர்நாடகாவில் உடுப்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மால்பேயிலிருந்து படகேறி செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தென்னை மரமும் கருங்கல்லும்தான், ஆனால் இறங்கிக் கிட்டப் போனதும் அப்படியே நின்றுவிட்டேன், உளி வைத்துச் செதுக்கி அடுக்கியது போல ஐந்து பட்டை, ஆறு பட்டையாகத் தூண்கள்! ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, சேறு காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்குமே, அதே மாதிரி வெடித்து உருவானவை. கை வைத்துப் பார்த்தேன், வெயிலில் நல்ல சூடு.

அப்புறம் கடல் வற்றியிருந்த நேரம், பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் ஒரு நண்டு, விரல்நகம் அளவுதான், என் நிழல் பட்டதும் சிப்பிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. போகிறவர்கள் அந்தச் சிப்பிகளைப் பொறுக்கி வராதீர்கள், தூண்களில் பெயர் கீறாதீர்கள், ப்ளீஸ்.