ஓட்டுரிமைத் திருத்தத்தில் ஓட்டை எங்கே விழுகிறது

அமெரிக்காவின் கூட்டாட்சி அரசியலமைப்பில் "ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்குரிமை உண்டு" என்று நேராகச் சொல்லும் வரி கிடையாது. இனம், பாலினம், வரி பாக்கி, 18 நிரம்பியவரின் வயது ஆகியவற்றைக் காரணம் காட்டி மறுக்காதே என்பதோடு 15, 19, 24, 26ஆம் திருத்தங்கள் நின்றுவிடுகின்றன. மாநில அரசியலமைப்புகளோ பெரும்பாலும் உரிமையை நேரடியாகவே தருகின்றன. 2006இல் மிசூரி உச்ச நீதிமன்றம், வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற சட்டத்தை ரத்து செய்தது மாநில அரசியலமைப்பை வைத்துத்தான். இரண்டு ஆண்டுகளில் இந்தியானாவின் அதே வகைச் சட்டம் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தில் தப்பிவிட்டது.

சாதாரணச் சட்டம் போதாதா? 2022இல் டெலவேர் சட்டமன்றம் எல்லோருக்கும் தபால் வாக்கையும், தேர்தல் நாளன்றே பெயர் பதிவையும் சட்டமாக்கியது. அதே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டும் செல்லாது என்றது. யார் வாக்குச்சாவடிக்கு வராமல் வாக்களிக்கலாம், பதிவு எப்போது முடிய வேண்டும் என்பதெல்லாம் அங்கே அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. அதைச் சட்டமன்றம் நீட்ட முடியாது.

ஆகவே மக்கள் வாக்கெடுப்பு மூலம் மாநில அரசியலமைப்பையே திருத்துவதுதான் பெரும்பாலும் வழி. ஆனால் திருத்தத்தின் ஒவ்வொரு சொல்லும் நீதிமன்றத்தில் எடை போடப்படும். 2018இல் புளோரிடாவின் 4ஆம் திருத்தம், தேவையான 60 சதவீத வாக்கைத் தாண்டி 64 சதவீதத்துக்கும் மேல் வாங்கியது. கொலை, பாலியல் குற்றங்கள் நீங்கலாக, பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் "தண்டனையின் எல்லா நிபந்தனைகளையும்" நிறைவேற்றினால் வாக்குரிமை திரும்பும் என்பது அதன் சாரம். பணம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 2019இல் சட்டமன்றம் அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாமே நிபந்தனைதான் என்று சட்டம் போட்டது. 2020இல் நீதிமன்றங்களும் அதையே ஏற்றன. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவேடுகூட இல்லை என்பதுதான் கொடுமை.

மிச்சிகன் வேறு விதமாக எழுதியது. அதன் 2018 வாக்குரிமைத் திருத்தத்திலேயே "இது தானாகவே நடைமுறைக்கு வரும்", "வாக்காளருக்குச் சாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும்" என்ற வரிகள் உண்டு. சட்டமன்றம் உரிமையை விரிக்கலாம் என்றும் சேர்த்திருந்தார்கள். அப்படியும் ஓர் இடம் விட்டுப்போனது. தபால் வாக்கு எப்போது வந்து சேர்ந்தால் எண்ணப்படும் என்று எழுதவில்லை. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் வந்தாக வேண்டும் என்ற பழைய சட்டமே செல்லும் என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 திருத்தம் ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மட்டும் அதைச் சரிசெய்தது: தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்திருந்தால் 6 நாள் அவகாசம்.

அந்த 2022 வாசகம் பார்க்கவே அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். அதுதான் அதன் பலம். முன்கூட்டியே வாக்களிக்கத் தொடர்ந்து 9 நாள், நாளுக்குக் குறைந்தது 8 மணி நேரம். தபால் வாக்கைப் போட ஒவ்வொரு ஊராட்சி, நகராட்சிக்கும் குறைந்தது ஒரு பெட்டி. பெரிய ஊர்களில் 15,000 வாக்காளருக்கு ஒன்று. அஞ்சல்தலைச் செலவு மாநிலத்துடையது. வாக்கைத் தடுக்கும் "நோக்கமோ விளைவோ" உள்ள எந்த நடைமுறையும் கூடாது என்பதில் அந்த "விளைவு" முக்கியம். அதிகாரியின் உள்நோக்கத்தை நிரூபிக்க அலைய வேண்டியதில்லை. வழக்குப் போடும் தகுதி எந்த மிச்சிகன் குடிமகனுக்கும் உண்டு.

திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர மக்களிடம் கையெழுத்து வாங்கும் மனுக் கட்டமும் லேசுப்பட்டதல்ல. மிச்சிகனில் அந்த ஆண்டு 4,25,059 செல்லத்தக்க கையெழுத்து வேண்டியிருந்தது. கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 சதவீதம் என்பது கணக்கு. 180 நாளுக்கு முந்தைய கையெழுத்து கணக்கில் வராது. போதுமானவை இருந்தும், இந்தத் திருத்தத்தால் மாறும் பிரிவுகள் அத்தனையையும் மனுவில் அச்சிடவில்லை என்ற ஆட்சேபத்தில் மனுவைச் சரிபார்க்கும் மாநிலத்தின் நால்வர் குழு இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்றது. மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அது வாக்குச்சீட்டில் ஏறியது. மனுவை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பிரிவுப் பட்டியலை வழக்கறிஞர் சரிபார்ப்பது கட்டாயம். பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் மக்கள் மனுவுக்கே வழியில்லை. அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றிய பிறகுதான் வாக்கெடுப்பு.

இதே கருவி எதிர்த்திசையிலும் ஓடும். ஆர்கன்சாவில் 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் அடையாள அட்டைச் சட்டத்தை ரத்து செய்தது. 2018இல் அதே நிபந்தனை திருத்தமாகவே வந்து வென்றது. மிச்சிகன்காரர்கள் 2022இல் அந்த வாசலை முன்னதாகவே அடைத்தார்கள்: புகைப்பட அட்டை காட்டலாம், கையில் இல்லையென்றால் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடலாம், அப்படிக் கையெழுத்திட்ட ஒரே காரணத்துக்காக யாரையும் தற்காலிக வாக்குச்சீட்டுக்கு (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் சீட்டு) தள்ளக் கூடாது.