1:2:4-க்கும் எம்20-க்கும் நடுவே 24 மூட்டை: திருமங்கலம் பக்கம் ஒரு தளம் போட்ட அனுபவம்

வரைபடத்தில் இன்ஜினியர் எழுதியிருந்தது எம்20. ஒப்பந்தக்காரர் கொட்டேஷனில் இருந்தது ‘ரூஃப் கான்கிரீட் 1:2:4’. இரண்டும் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், வேலை தொடங்கும் முன்பே தளத்தின் பலம் ஒரு படி இறங்கியிருக்கும்.

1:2:4 என்பது எம்15. எம்20 வேண்டுமானால் ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. எம் என்பது கலவையைக் குறிக்கும் எழுத்து. 20 என்பது பலம்: 15 செ.மீ. கனசதுரக் கட்டியை 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து நசுக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட் எம்20-க்குக் கீழே போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தர விதி. “அண்ணே, நம்ம பக்கம் எல்லா வீடும் 1:2:4 தான், ஒண்ணும் ஆகல” என்று மேஸ்திரி சொல்வார். கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் பேச்சு நிற்கும். ஒரு கன மீட்டருக்கு 1:2:4-இல் ஆறேகால் மூட்டை சிமெண்ட் போகும். 1:1½:3-இல் எட்டு மூட்டை. எங்கள் தளமும் பீமும் சேர்த்து 14 கன மீட்டர். வித்தியாசம் 24 மூட்டை. கொட்டேஷனைத் திருத்தி, ‘எம்20’ என்றும் விகிதத்தையும் சேர்த்து எழுதி வாங்கிய பிறகுதான் முன்பணம் போனது.

வாணம், பிசிசி (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்), தூண் எல்லாம் பெரிய தகராறில்லாமல் முடிந்தன. கரிசல் மண், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் என்பதால் பீம் மட்டும் கூடுதலாகப் போட்டோம். தூணுக்கு சைட்டிலேயே கலந்தபோது சட்டிக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் குவித்துப் போடுவார், இன்னொருவர் வழித்துப் போடுவார். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். உள்ளளவு 40, 35, 25 செ.மீ. உள்ள பெட்டி ஒன்று தகரத்தில் அடித்தால் அதே 35 லிட்டர். மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, தண்ணீர் 27 லிட்டருக்கு மேல் இல்லை. நனைந்த மணல் உப்பி நிற்கும், அதில் ஏற்கெனவே தண்ணீரும் இருக்கும். அன்றைக்கு மணலைக் கொஞ்சம் கூட்டி, தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் வங்கியில். தவணை கேட்ட கடிதத்தில் ‘பேஸ்மெண்ட் முடிந்தது’ என்று இருந்தது. நம் ஊரில் பேஸ்மட்டம் என்றால் தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை எழும்பும் உயரம். கவுண்டரில் இருந்தவர் வெளியூர்க்காரர். அங்கீகரித்த வரைபடத்தில் நிலத்தடி அறையே இல்லையே என்று கோப்பைத் திருப்பிவிட்டார். ஒரு நாள் வீண். அந்தக் கட்டத்துக்கு எழுத வேண்டிய சொல் ‘பிளிந்த்’. வங்கிக்கும் மாநகராட்சிக்கும் போகும் தாளில் சைட் பேச்சு வேண்டாம்.

கம்பி வேலையில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று லேப், அதாவது ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஓடும் நீளம். “எல்லாத்துக்கும் ரெண்டடி” என்றார் கம்பி கட்டும் ஃபிட்டர். எம்20-இல் எஃப்இ 500 தரக் கம்பிக்கு விட்டத்தைப்போல் 57 மடங்கு வேண்டும். 8 மி.மீ.க்கு ஒன்றரை அடி, 10-க்கு இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. அங்கே அவர் சொன்னது சரி. 12-க்கு இரண்டேகால் அடி, 16-க்கு மூன்றடி. தடித்த கம்பிக்குத்தான் அந்த ரெண்டடி போதாது, வீட்டின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான்.

இன்னொன்று கவர். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கான்கிரீட் எவ்வளவு என்பது கவர்: தளத்துக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50. கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகுவார்கள். ஆள் நடந்ததும் அது நழுவும், கம்பி பலகையில் படுத்துவிடும், சில வருடத்தில் துருப்பிடித்துக் காரையைத் தள்ளும். சன்ஷேடு, பால்கனியில் மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது மிதித்துக் கீழே இறக்கிவிட்டால் முட்டு எடுத்த அன்றே தொங்கும், விழவும் செய்யும். மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி போட்டு, நடக்கப் பலகை விரித்த பிறகே ஆளை ஏற்றுங்கள்.

பெரிய சேதம் வந்தது அளவுச் சொல்லால். நாம் ஜல்லியும் மணலும் வாங்குவது யூனிட்டில், 100 கன அடி. வீட்டைச் சொல்வது சதுரத்தில், 100 சதுர அடி. தளத்துக்கு நாங்கள் வரவழைத்தது ரெடிமிக்ஸ், பிளாண்ட்டில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட். அவர்கள் விற்பது கன மீட்டரில், 35.3 கன அடி. “பத்து சதுரம், அஞ்சு இன்ச்” என்று மேஸ்திரி போனில் சொன்னார். அது 417 கன அடி. பிளாண்ட்டில் 12 கன மீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள். தளத்துக்குக் கீழே இறங்கும் பீமை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. 9 இன்ச் அகலம், 10 இன்ச் இறக்கம், 120 அடி ஓட்டம்: இன்னும் 75 கன அடி, இரண்டு கன மீட்டருக்கு மேல். சேதாரம் சேர்த்து 14½ சொல்லியிருக்க வேண்டும். கடைசி மூலைக்கு வண்டி மறுபடி வர இரண்டு மணி நேரம் ஆனது. சித்திரை வெயிலில் அதற்குள் ஓரம் இறுகிவிட்டது. பழையதும் புதியதும் ஒட்டாத அந்த இடம்தான் கோல்ட் ஜாயிண்ட், மழைக்காலத்தில் முதலில் கசிவது அதுதான். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் தளத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில், பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். சரிவாக விட வேண்டாம். மறுபடி தொடங்கும் முன் ஓரத்தைக் கொத்தி, கழுவி, சிமெண்ட் பால் ஊற்ற வேண்டும்.

வண்டி வந்ததும் சீட்டை வாங்கிப் பாருங்கள்: கிரேடு, ஏற்றிய நேரம். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். “கொஞ்சம் கெட்டியா இருக்கு” என்று டியூபைப் பிடித்துத் தண்ணீர் விட விடாதீர்கள். இளக வேண்டுமானால் பிளாண்ட்காரரிடம் கேட்டு அவர் அட்மிக்சரை (கலவையை இளக்கும் ரசாயனம்) போடட்டும். 14 கன மீட்டருக்கு இரண்டு முறை மாதிரி எடுக்க வேண்டும், முறைக்கு மூன்று சோதனைக் கட்டி. கட்டியில் தேதியைக் கீறி வையுங்கள்.

‘செட் ஆயிருச்சு’ என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். இறுகுவது சில மணி நேரம், பலம் பிடிப்பது வாரக் கணக்கு. மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், மதுரை வெயில் போன்ற வறண்ட சூட்டுக்கு 14 நாள். சென்ட்ரிங் வாடகைக்காரர் ஏழாம் நாள் தகரம் கேட்டு வந்தார். தகரம் பிரிப்பது வேறு, முட்டு எடுப்பது வேறு. சாதாரண ஓபிசி சிமெண்டில் நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கே முட்டு ஏழு நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14. பீமுக்கு ஆறு மீட்டர் வரை 14, தாண்டினால் 21. பிபிசிக்கு இன்னும் கூட்டித்தான் விட வேண்டும். வாடகை பேசும் அன்றே இந்த நாள் கணக்கை ரசீதில் எழுதி வாங்கியிருந்ததால், அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.