அப்பிச்சி கேட்ட கேள்வியும் திருப்பூர் தண்ணியும்

போன வாரம் அவிநாசி பக்கம் அப்பிச்சி வீட்டுக்குப் போயிருந்தேன், சாயங்காலம் ரெண்டு பேரும் குளத்து மேட்டுல நடந்துட்டு இருந்தப்ப குளங்களுக்கு பவானி தண்ணி கொண்டு வர்ற அத்திக்கடவு திட்டத்துக் குழாயக் காட்டி, "ஏங்கண்ணு, இத கட்டுனவன் போய்ட்டான்னா யாரு பாத்துக்குவா?"ன்னு கேட்டாருங்க. ராத்திரி பூரா அதே நெனப்பு, நான் பாத்த கான்ட்ராக்ட் எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு.

நான் கொஞ்ச வருசம் பாதாள சாக்கடை வேலையில சைட் சூப்பர்வைசரா இருந்தேன். அங்க ஐட்டம் ரேட் கான்ட்ராக்ட், தோண்டுன அளவுக்கு காசு. நம்மூர்ல நாலடி போனா ஓடக்கல்லு, அதுக்குக் கீழ பாறை. இது ஓடக்கல்லா பாறையான்னு எம் புக்குங்கற அளவு நோட்டுல எழுதறதுக்கே குழியில எறங்கி டேப்ப புடிச்சுக்கிட்டு அரை நாள் சண்ட நடக்கும், ஏன்னா ரேட்டு வேற வேற. தெருவு அப்படியே தொறந்து கெடக்கும், அந்தத் தெரு ஆத்தாமாருங்க பலகை போட்டுத்தான் வீட்டுக்குள்ள போவாங்க. இதே வேல ஈபிசிங்கற கான்ட்ராக்ட்டுன்னா டிசைனும் கட்டறதும் ஒரே ஆளு, மொத்தமா ஒரு வெலை, பாறை வந்தா பெரும்பாலும் அவன் பாடு. சண்ட கொறையும், ஆனா அந்த பயத்துக்கும் சேத்துத்தான் டெண்டர்ல வெலை போடுவான்.

ஆனா நட்டம் வந்தா யார் தலையில விழும்ங்கறதுல பெரிய பாடம் திருப்பூர்லதான் இருக்குது. 1995ல கம்பெனி ஆரம்பிச்சு, பவானிகிட்ட காவேரியில இருந்து ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வர மாதிரி, தனியாரும் அரசும் சேந்து பூட் முறையில, அதாவது கம்பெனியே கட்டி, சொந்தமா வெச்சு ஓட்டி, பின்னால அரசுகிட்ட ஒப்படைக்கற மாதிரி கட்டுனாங்க. நாட்டுலயே தண்ணிக்கு இந்த மாதிரி பெரிய திட்டம் அதுதான் முதல்ல. சாயப்பட்டறைக்கு கூடுதல் ரேட்டு, அந்தக் காசுல வீடுகளுக்கும் சுத்துப்பட்டு ஊருகளுக்கும் கம்மி ரேட்டு, கணக்கு நல்லாத்தான் இருந்துச்சு. 2011 ஜனவரியில நொய்யல் மாசுக்காக ஐகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்னுச்சு. தண்ணி இருந்துச்சு குழாய் இருந்துச்சு, அதிக வெலை குடுத்து வாங்கறவன் இல்ல, கடன் மட்டும் நின்னுச்சு. மூடிக் கெடந்த ஒரு பட்டறையில வாட்டர் மீட்டரப் பாத்தேன், கண்ணாடி மேல தூசி, நம்பர் அப்படியே நின்னு போயிருந்துச்சு. நொய்யல் செத்துக்கிட்டு இருந்தது ஊருக்கே தெரியும், பட்டறைய என்னைக்காவது மூடுவாங்கங்கற ஆபத்து யார் தலையில விழும்னு ஆரம்பத்துலயே பேசி முடிச்சிருக்கோணுங்க, எனக்கு இன்னும் மனசு ஆறல.

அத்திக்கடவு அப்படி இல்ல. 1,045 குளம் குட்டைக்கு தண்ணி, யாருகிட்டயும் கட்டணம் வாங்க முடியாது, அதனால 1,900 கோடிக்கு மேல அரசு காசுலயே கட்டி 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்க. அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ இருந்து ஆறு எடத்துல பம்பு வெச்சு மேட்டுக்கு ஏத்தற தண்ணிங்க இது, பவானியில உபரி வந்தாத்தான் ஓட்ட முடியும், வர்ற அந்தக் கொஞ்ச நாள்ல ஒரு மோட்டார் படுத்துக்கிச்சுன்னா அந்த வருசமே போச்சு. கரண்டு பில்லுக்கும் ரிப்பேருக்கும் வருசா வருசம் பணம் ஒதுக்கணும், குழாயோரம் நடந்து வால்வு பாக்க ஆளு வேணும். அப்பிச்சிகிட்ட இதத்தான் சொன்னேன். கேட்டுட்டு, அந்த அவுட்லெட் பக்கத்துல மொளச்சிருந்த சீமைக்கருவேலஞ் செடிய வேரோட புடுங்கி கரைக்கு அந்தப் பக்கம் வீசுனாரு.