மார்க் உண்டு என்றேன்

"எழுதினா மார்க் உண்டும்மா. நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்." பரிணாமப் பாடத் திருப்புதலின்போது ஒரு பிளஸ் டூ மாணவியிடம் நான் சொன்னது இது. இரண்டு வருடமாகிறது. குடியாத்தம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இன்றும் அந்த வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது.

பதில் இல்லாமல் சொன்னதில்லை. பிள்ளைகளின் போனில் சுற்றும் மறுப்புகளை இடப்பக்கமும் அதற்கான ஆதாரங்களை வலப்பக்கமும் எழுதிய நோட்டு என்னிடம் உண்டு. 'குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?' பெரியப்பா மகனும் நானும் ஒரே தாத்தாவின் பேரன்கள். நான் பிறந்ததால் அவர் இல்லாமல் போகவில்லை. 'இடைப்பட்ட உயிரின் புதைபடிவம் எங்கே?' அதற்கு டிக்டாலிக், மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் இடைப்பட்ட ஒரு உயிரின் புதைபடிவம். அன்று அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். 2004இல் கனடாவின் வடகோடி எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது, சுமார் 37.5 கோடி வருடப் பழசு. செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. ஆனால் கழுத்து உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள் உண்டு.

"சார், நீங்க அதை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா, புத்தகத்துலதான்."

"எங்க வீட்லயும் புத்தகத்தைப் பார்த்துத்தான் சார் வேற மாதிரி சொல்றாங்க."

அப்போதுதான் மார்க் பேச்சை எடுத்தேன்.

பெல் அடிக்க இரண்டு நிமிடம். அத்தனை பேர் நடுவில் ஒரு பெண்ணின் வீட்டு நம்பிக்கையோடு மோதுவது ஆசிரியர் வேலையில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவள் கேட்டது நம்பிக்கையைப் பற்றியே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்டாள். அதற்குப் பதில் இருந்தது. எந்த வயதுப் பாறையில் இப்படி ஒன்று கிடைக்க வேண்டும் என்று முதலிலேயே கணித்துவிட்டு, பல வருடம் போய்த் தேடியிருக்கிறார்கள். அங்கே கிடைக்காமல் போயிருக்கலாம். கிடைத்ததை யாரும் அளந்து பார்க்கலாம், தப்பென்றும் சொல்லலாம். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியவன் இந்த நாலு வரியை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் எல்லாரையும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக மடக்கச் சொன்னேன். நடுவே கயிறு மாதிரி ஒரு தசைநாண் புடைக்கும், சிலருக்கு இருக்காது. இல்லாத கையிலும் பிடி குறைவதில்லை. மரத்தில் வாழும் குரங்கினங்கள் பலவற்றில் நன்றாக இருக்கும் தசையின் நாண் அது, நம்மிடம் பழைய மிச்சமாக நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு வலக்கையில் புடைத்தது, இடக்கையில் இல்லை. அப்பாவின் தறிக்குத் தார் சுற்றும் கைகள். மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் பார்க்கணும் சார்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மணிக்கட்டு மட்டும் பரிணாமத்தை நிரூபித்துவிடாது. நோட்டில் இதைவிட வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. கண்ணால் காட்ட முடிந்தது என்பதற்காகத்தான் இதை எடுத்தேன். அவள் கேள்விக்கு இதுவும் பதில் இல்லை.

பொதுத்தேர்வில் விலங்கியலில் நல்ல மார்க் வாங்கினாள். மார்க்‌ஷீட் வாங்க வந்தபோது அவள் அம்மாவும் கூட வந்திருந்தார். பரிணாமக் கேள்விக்கு என்னம்மா எழுதினே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.