ஃப்ரீமேசன் லாட்ஜுக்குள்ள ஒரு சுத்து

ரொம்ப பழைய ஃப்ரீமேசன் லாட்ஜ் (தங்கற லாட்ஜ் இல்ல, ஃப்ரீமேசன்ங்கற சகோதர சங்கத்தோட கிளை கூடற இடம்) ஒண்ணுக்குள்ள போய் பாத்துட்டு வந்தேன், பொதுமக்களுக்கு திறந்துவிட்ட நாள்ங்கறதாலதான் உள்ள விட்டாங்க. மீட்டிங் நடக்கறப்போ வெளியாள் எட்டிக்கூட பாக்க முடியாது, அதுக்குன்னே டைலர்னு ஒரு பதவி இருக்கு, உருவின வாளோட கதவுக்கு வெளிய காவல் நிக்கறதுதான் அவர் வேலை. அந்த வாள் நிஜமாவே அங்க இருந்துச்சு, குடை ஸ்டாண்டுக்கு பக்கத்துல சாத்தி வெச்சிருந்தாங்க.

ஹால் தரை முழுக்க கறுப்பு வெள்ளை கட்டம். கிழக்குல லாட்ஜ் தலைவரான மாஸ்டரோட நாற்காலி, மேற்குலயும் தெற்குலயும் அவருக்கு அடுத்த பதவில இருக்கற ரெண்டு வார்டன்கள், வடக்குல மட்டும் இந்த மாதிரி தலைமை நாற்காலி கிடையாது, சூரியன் அந்தப் பக்கம் போறதில்லங்கறது அவங்க சொல்ற காரணம். ரெண்டு கல்லு வெச்சிருக்காங்க, ஒண்ணு வெட்டி எடுத்த மாதிரியே கரடுமுரடா, இன்னொண்ணு சுத்தமா செதுக்கினது, புதுசா சேர்றவர் முதல் கல்லு, அவர் ஆகவேண்டியது ரெண்டாவது. கட்டடம் கட்டின கொத்தனார்கள்கிட்ட இருந்துதானே எல்லாமே வந்துச்சு, சின்னத்துல இருக்கற மூலைமட்டமும் காம்பஸும் கூட அவங்க கருவிதான்.

எனக்கு வாளவிட பிடிச்சது மினிட்ஸ் புக் அலமாரிதான். யார் வந்தாங்க, யார் சந்தா கட்டல, இறந்துபோன மெம்பரோட மனைவிக்கு எவ்ளோ குடுக்கறது, பக்கம் பக்கமா இதேதான். ரகசிய சங்கம்னு உலகமே பேசுது, இவங்க என்னடான்னா ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்காங்க! (சடங்க மட்டும் எழுதல, அது வேற விஷயம்.) இந்தப் பழக்கம் எவ்ளோ பழசுன்னா, ஸ்காட்லாந்துல எடின்பரோ ஊர் மேரிஸ் சேப்பல் லாட்ஜோட மினிட்ஸ் 1599 ஜூலைல இருந்து இருக்கு, அதோட முதல் பதிவு என்ன தெரியுமா, ஒரு கொத்தனார் முறையா தொழில் கத்துக்காத ஆள ஒரு புகைபோக்கி வேலைல ரெண்டரை நாள் விட்டுட்டாராம், அதுக்கு அவர் தப்ப ஒத்துக்கிட்டது. உலகத்தையே ஆட்டிவைக்குதுன்னு ஊர் பேசற கூட்டத்தோட ஆரம்பம் ஒரு சிம்னி பஞ்சாயத்து!

அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா கல்லு தொடாதவங்களும் உள்ள வர ஆரம்பிச்சாங்க. எலியாஸ் ஆஷ்மோல், ஆக்ஸ்ஃபோர்டு மியூசியத்துக்கு பேர் குடுத்தவர், 1646லயே வாரிங்டன்ல சேர்ந்திருக்கார். லண்டன்ல நாலு லாட்ஜ் ஒரு மதுக்கடைல கூடி, லாட்ஜுகளுக்கு எல்லாம் மேல இருக்கற தலைமை அமைப்பா கிராண்ட் லாட்ஜ் ஆரம்பிச்சது 1717 ஜூன் 24ன்னு அவங்க கொண்டாடறாங்க, இல்ல 1721தான்னு வாதாடற ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க. 1723ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு பாதிரியார் அவங்களுக்கு விதிமுறை புத்தகம் போட்டார். மதம் அரசியல் ரெண்டும் லாட்ஜுக்குள்ள பேசக்கூடாதுங்கறது பழைய விதி, இன்னிக்கு நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்புக்கே தேவைப்படுது.

புதுசா ஒருத்தர சேக்கலாமான்னு முடிவு பண்ற ஓட்டுப்பெட்டிய கைல குடுத்தாங்க, வெள்ளை உருண்டை போட்டா சம்மதம், கறுப்பு போட்டா வேண்டாம், பல லாட்ஜ்ல ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலே ஆள் வெளிய, போட்டது யாருன்னும் தெரியாது. இவ்ளோ மூடி வெச்சா ஊர் கதை கட்டாம என்ன பண்ணும்? 1738லயே போப் தடை போட்டுட்டார். அமெரிக்கால 1826ல வில்லியம் மார்கன்னு ஒருத்தர் மேசன் ரகசியத்த புத்தகமா போடப்போறேன்னு கிளம்பினார், ஆளே காணாம போயிட்டார், அந்தக் கோவத்துல மேசன்களுக்கு எதிரா ஒரு கட்சியே உருவாகி 1832 ஜனாதிபதி தேர்தல்ல வெர்மான்ட் மாநிலத்த ஜெயிச்சுது. அதனால சந்தேகப்படறவங்க எல்லாரையும் கிறுக்குன்னு சொல்லிட முடியாது.

கடைசியா சுத்திக்காட்டின பெரியவர்கிட்ட, "சார், நான் சேரலாமா?"ன்னு கேட்டேன். "இங்க முடியாதும்மா, ஆம்பளைங்க மட்டும்தான்"னு கொஞ்சம் சங்கடமா சொன்னார். ஆனா பாரீஸ்ல 1893லயே ஆணும் பெண்ணும் சேர்ந்த ஒரு அமைப்பு வந்தாச்சு, இங்கிலாந்துல 1908ல இருந்து பெண்களோட மேசன் அமைப்பும் இருக்கு, அங்கயும் கொத்தனார் மாதிரி கட்டிக்கற ஏப்ரன், சடங்கு எல்லாம் உண்டு. அவங்க ஹால் எங்கயாவது திறந்துவிட்டா அடுத்தது அங்கதான் போகணும்.