ஆர்எஸ் வாங்கலாமா? ஒரு நாட்குறிப்பு

8 நவம்பர் 2025, சனி

பழைய வண்டியை இனி வைத்து ஓட்ட முடியாது என்று வீட்டில் எல்லோரும் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்தது என்ன என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. என் வீட்டுக்காரருக்கு இன்னோவா. அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதில் இருந்து, ஏறி உட்கார வசதியான உயரமான வண்டி வேண்டும் என்பது அவர் வாதம். பையனுக்குச் சன்ரூஃப் இருந்தால் போதும், கீழே சக்கரம் இல்லாவிட்டாலும் சரி.

எனக்கு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2017இல் இந்தியாவுக்கு வந்ததே, அந்த ஆர்எஸ் 230. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ் குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நூறைத் தொட 6.8 நொடி. இதையெல்லாம் செய்கிற வண்டி, பார்க்க ஒரு பேங்க் மேனேஜர் வண்டி மாதிரிதான் இருக்கும். பின்கதவைக் கண்ணாடியோடு சேர்த்துத் தூக்கினால் 590 லிட்டர் டிக்கி. அத்தையின் வாக்கரை மடக்காமலே வைக்கலாம். இதை அவரிடம் சொன்னேன். "வாக்கர் வைக்க 230 குதிரையா?" என்றார்.

தினமும் கோவையில் இருந்து திருப்பூர் போய் வருகிறவள் நான். லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் மட்டும் வந்து வண்டி வராமல் இருப்பது என்ன பயம் என்று தினமும் அனுபவிக்கிறேன். எனக்கு 250இல் போக வேண்டாம். 60இல் இருந்து 100க்குச் சட்டென்று போய், பெரிய வண்டியைத் தாண்டி, மறுபடி என் லேனுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

12 நவம்பர், புதன்

புது ஆர்எஸ் போன மாதம் வந்தது. 265 பிஎஸ், எக்ஸ் ஷோரூம் 49.99 லட்சம், மொத்தமே 100 வண்டி, அதுவும் விற்றுத் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

கையில் இருக்கும் காசுக்குப் புதிதாக வாங்கினால் ஃபோக்ஸ்வேகன் வர்டஸ் ஜிடி. 1.5 லிட்டர், 150 பிஎஸ். நல்ல வண்டி, வாரன்டி உண்டு, ஷோரூம்காரர் பூங்கொத்து கொடுத்து போட்டோ எடுப்பார். ஆனால் 2023 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள புது காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். இன்சூரன்ஸும் சேர்ந்தால் ஆன்ரோடு விலை 22, 23 லட்சத்தில் போய் நிற்கிறது. ஏழெட்டு வருஷம் ஓடிய ஆர்எஸ்ஸும் அதே விலைதான் சொல்கிறார்கள்! புதிதாக வந்தபோது அதன் எக்ஸ் ஷோரூம் விலையே 24.62 லட்சம். இத்தனை வருஷத்தில் விலை இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நாட்டில் மொத்தமே சில நூறு வண்டிகள்தான் என்பதால் வைத்திருப்பவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

ஆக, கேள்வி விலையில் இல்லை. வாரன்டியோடு 150 பிஎஸ்ஸா, வாரன்டி இல்லாமல் 230ஆ?

16 நவம்பர், ஞாயிறு

இன்று ஒரு கேஏ 03 வண்டி பார்த்தோம். பெங்களூரில் இருந்து புரோக்கர் ஒருவர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். சிவப்பு நிறம், 52,000 கிலோமீட்டர், 22 லட்சம். "மேடம், ஃபுல் ஸ்டாக், ஒரு ஸ்குரூ கூட மாத்தலை" என்று ஆரம்பித்தார். ஆனால் விலையை மட்டும் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

நல்லவேளை, மெக்கானிக் அண்ணாவைக் கூட்டிப் போயிருந்தேன். ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கிற மனிதர், அதிகம் பேச மாட்டார். முதல் வேலையாகப் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து ஓட விட்டிருக்கிறார்கள். இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும், அதை இவர்கள் நமக்குக் கேட்கவிடவில்லை என்றார்.

பெயின்ட் மீட்டர் வைத்துச் சுற்றி வந்தோம். கதவுகள் எல்லாம் 110, 120 மைக்ரான். வலது முன் ஃபெண்டரில் மட்டும் 290, அதாவது மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம், பெங்களூர் டிராஃபிக்கில் ஓடிய வண்டி. டயர் ஓரத்தில் 3417 என்று பார்த்தேன். 2017ஆம் வருஷம் 34ஆவது வாரம் தயாரான டயர், எட்டு வருஷப் பழசு. ஆனால் பின்னால் இரண்டில் மட்டும்தான் அப்படி. முன்னால் இரண்டும் புத்தம் புதிது. முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் முன் டயர் சீக்கிரம் தேயும் என்பது சரிதான், ஆனால் இப்போதைய ஜோடியே மூன்றாவது ஜோடி என்று பில்லில் இருக்கிறது. 52,000க்கு இது கொஞ்சம் அதிகம். யாரோ சிக்னலுக்குச் சிக்னல் எரித்திருக்கிறார்கள்.

அப்புறம் அண்ணா லேப்டாப்பை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். இன்ஜின் கம்ப்யூட்டரில் கம்பெனி கணக்குக்கு மேல் ஃப்ளாஷ் ஆகியிருக்கிறது, சாஃப்ட்வேரை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதாவது பவரைக் கூட்டும் ஸ்டேஜ் 1 சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டிவிட்டு, விற்பதற்காகத் திரும்பப் பழைய ஃபைலை ஏற்றியிருக்கிறார்கள். இந்த இன்ஜினில் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றினாலே 300 பிஎஸ் பக்கம் போகும். மாற்றியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஒழுங்காகச் செய்து, நேரத்துக்கு ஆயில் மாற்றி, சொல்லி விற்பவர்களும் உண்டு. "ஒரு ஸ்குரூ கூட மாத்தலை" என்றவர் ஸ்குரூவைப் பற்றி மட்டும் உண்மைதான் சொல்லியிருக்கிறார்.

அதோடு கர்நாடக வண்டி என்றால் அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வண்டி வயதுக்குத் தக்கபடி தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் கட்டி, அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். மலிவு என்று நினைத்தது அங்கேயே கரைந்துவிடும்.

வரும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. இன்னோவா ஷோரூம் வந்தபோது மட்டும் காரை மெதுவாக ஓட்டினார்.

22 நவம்பர், சனி

இரண்டு நாளாக ஈ20 பற்றித்தான் யோசனை. இப்போது பங்கில் கிடைப்பது எல்லாம் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆர்எஸ் 230 விற்ற காலத்தில் பங்கில் இது கிடையாது. எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும், அது ஒரு பக்கம். பழைய ரப்பர் ஹோஸ், சீல், ஃப்யூவல் பம்ப் எல்லாம் நாளாக நாளாக என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டர்போ இன்ஜினுக்கு ஆக்டேன், அதாவது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துவிடாமல் தாங்கும் தன்மை, அதிகம் வேண்டும். ஈ20யில் 95 இருக்கிறது, முன்பு போட்ட 91ஐ விட அதிகம். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்குகிறார்கள்.

இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100, ஆக்டேன் 100 உள்ள பெட்ரோல், போடலாம் என்பார்கள். லிட்டர் 160 ரூபாய் வாக்கில். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு அது ஆகிற காரியமா? அண்ணாவைக் கேட்டேன். "ஓட்டிட்டே இருங்க, நிறுத்தி வெச்சாத்தான் பிரச்சினை. ஹோஸ் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு அது போதும்.

30 நவம்பர், ஞாயிறு

டிஎன் 38 வண்டி. நம் ஊர் டாக்டர் ஒருவருடையது, முதல் ஓனர், 2018 மாடல், வெள்ளை, 61,000 கிலோமீட்டர். 24 கேட்கிறார்.

காலை ஆறரைக்கே போய்விட்டோம். அண்ணா உள்ளங்கையை வைத்தார், பானட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு சின்ன உறுமல், பத்து இருபது நொடியில் அடங்கியது. இன்ஜினுக்குள் ஓடும் செயினின் சத்தம் இல்லை. டார்ச் அடித்து இன்டேக் அடியில் எட்டிப் பார்த்தார். இந்தக் குடும்பத்து இன்ஜின்களில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். கூலன்ட் கசிந்தால் அங்கே காய்ந்து இளஞ்சிவப்பாகப் படியும். அங்கே ஒன்றும் இல்லை, சுத்தம். 48,000இல் புதுசு மாற்றிய பில் இருக்கிறது என்று டாக்டர் ஃபைலைக் கொண்டுவந்தார்.

அந்த ஃபைலைத்தான் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொரு பில்லும் தேதிவாரியாக. வைப்பர் பிளேடுக்குக்கூட பில். கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் 60,000இல் மாற்ற வேண்டும், மாற்றியிருக்கிறார், 59,200இல். ஆர்எஸ்ஸில் இருப்பது எண்ணெயில் ஊறிக் கிடக்கும் கிளட்ச் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அந்த ஆயிலை விட்டுவிட்டால்தான் பெரிய செலவு. பில்களின் ஓரத்தில் டாக்டர் கையெழுத்தில் குறிப்பு. ஆச்சரியம், படிக்க முடிந்தது.

ஓட்டிப் பார்த்தேன். முதலில் அவிநாசி ரோட்டில் கீழேயே, வேண்டுமென்றே நெரிசலில். பிரேக்கை விட்டு நகர விட்டு, முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் குலுங்குகிறதா என்று பார்த்தேன். இல்லை. அப்புறம் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏறினேன். பத்து கிலோமீட்டர் காலியாகக் கிடந்தது. 60இல் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு தடவை அழுத்தினேன். பின் சீட்டில் அவர் "ம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் கோல்டுவின்ஸில் இறங்கியதும், "நான் கொஞ்சம் ஓட்டட்டா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தையை ஏற்றினோம். முன் சீட்டு முதலில். இரண்டு பக்கமும் எழும்பிய ஸ்போர்ட்ஸ் சீட்டு அது, அந்த மேட்டில் தொடை இடித்தது, முகத்தைச் சுளித்தார். பின் கதவைத் திறந்தோம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி முதுகைக் காட்டி நின்று, சீட்டைக் கையால் தடவிப் பார்த்து, உட்கார்ந்து, அப்புறம் கால் இரண்டையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்தார். இடம் தாராளமாக இருந்தது. "இன்னோவால ஏற ஸ்டூல் போடணும் கண்ணு. இதுல நானே உக்காந்துட்டேன் பாரு" என்றார், என்னைப் பார்த்து அல்ல, மகனைப் பார்த்து. உயரமான வண்டிதான் வசதி என்பது எங்கள் எல்லோருக்கும் தோன்றியதே தவிர, அவரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெரு முனையில் பஞ்சாயத்து காலத்து வேகத்தடை ஒன்று. ஐந்து பேரோடு, மூலைவாட்டில், ஊர்ந்து ஏறினேன். ஒரே ஒரு தடவை அடியில் உரசியது. நேராக ஏறினால் நிச்சயம் இடிக்கும். இது எனக்குத் தினசரித் தலைவலியாக இருக்கும், தெரிந்துதான் சொல்கிறேன். பதினெட்டு இஞ்ச் சக்கரத்தில் மெலிந்த டயர் என்பதால் குழியில் விழுந்தால் இடுப்புக்குத் தெரிகிறது. பின்னால் குலுக்கலைக் குறைக்கும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன் இருந்தும் இவ்வளவுதான்.

3 டிசம்பர், புதன், கார்த்திகை தீபம்

விளக்கேற்றிவிட்டு டாக்டருக்கு போன் செய்தேன். நான்கு டயருக்கும் வயதாகிவிட்டது, அரை லட்சத்துக்கு மேல் ஆகும். முன் பிரேக் டிஸ்க் தேய்ந்து விளிம்பு கட்டியிருக்கிறது. ஸ்பேர் சாவி எங்கே என்று தெரியவில்லை. மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் 23.25. நான் 22. கடைசியில் 22.5. சாவியைத் தேடி எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு.

10 டிசம்பர், புதன்

ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்து, காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும் கடனுக்கு பேங்கில் வட்டி புது வண்டியை விட அதிகம், அதனால் பாதியை எஃப்டியை உடைத்துக் கொடுக்கிறேன். செலான் பாக்கி ஏதும் இல்லை என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஆர்சியில் இன்னும் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி பேங்க் கடனில் இருக்கிறது என்ற பதிவு, நிற்கிறது. டாக்டர் கடனை முடித்து மூன்று வருஷம் ஆகிறது, அதை ஆர்சியில் எடுக்கவே இல்லை. வைப்பர் பிளேடுக்கு பில் வைத்திருக்கும் மனிதர்! கடன் கொடுத்த பேங்க் என்ஓசியும், அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35ம் தர வேண்டும். அந்தக் கிளை இடம் மாறிவிட்டதாம், பழைய ஃபைல் வேறு ஊரில் இருக்கிறதாம். தினமும் "நாளைக்கு வந்துடும் சார்" என்கிறார்களாம். அது வராமல் முழுப் பணம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போங்கள் என்கிறார். அப்படி எடுத்து, நடுவில் ஏதாவது ஆனால், வண்டி அவர் பெயரில், ஓட்டியது நான்.

13 டிசம்பர், சனி

என்ஓசி நேற்று சாயங்காலம் வந்துவிட்டது. ஆர்டிஓ வேலை திங்கள்கிழமைதான் ஆரம்பிக்கும். செவ்வாய் மார்கழி பிறக்கிறது. எங்கள் வீட்டில் மார்கழியில் ஒரு மிக்ஸிகூட வாங்க மாட்டோம். தை வரைக்கும் தள்ளிப்போடலாமா என்று டாக்டரைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். வேறு இரண்டு பேர் அந்த வண்டியைப் பார்க்க நிற்கிறார்கள் என்று புரோக்கர் வழியாகக் காதுக்கு வந்தது.

அத்தை பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு மூடினார். "புது வண்டிக்குத்தான் மார்கழி பார்க்கணும். அது ஏற்கெனவே ஏழு வருஷம் ஓடுன வண்டி. போய் எடுத்துட்டு வாங்க."

அவர் திங்கள்கிழமை லீவு போட்டிருக்கிறார். பெயர் மாறியதும் பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸையும் என் பெயருக்கு மாற்ற வேண்டும். இந்த வாரமே டயர் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். ஸ்பேர் சாவி டாக்டர் வீட்டில் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் அதற்கு எவ்வளவு பிடிப்பது என்று நாளைக்குப் பேசிக்கொள்கிறோம்.