இனிஷியலும் முப்பது கிலோவும்

ஆகஸ்ட் 4, 2025

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் 'கே' என்று ஒற்றை எழுத்து. நீட் மதிப்பெண் அட்டையிலும் அப்படியே. பாஸ்போர்ட்டில் மட்டும் அந்த எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து, சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. நம்மூரில் இது ஒரே ஆள். மருத்துவம் படிக்கப் போகும் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில், காகிதத்தைப் பிரிப்பவருக்கு இரண்டு ஆள்.

ஆகஸ்ட் 5

முத்திரைப் பத்திரத்தில் நோட்டரி அஃபிடவிட்: இரண்டு பெயரும் ஒருவரே. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, இடைவெளி எதுவும் மாறக்கூடாது. இரண்டு பிரதி.

ஆகஸ்ட் 9

மார்க் ஷீட் கவுன்டரிலேயே திரும்பிவிட்டது. காரணம் லேமினேஷன்.

முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன் பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று. முத்திரையும் ஸ்டிக்கரும் காகிதத்தின் மேலேயே விழவேண்டும். பிளாஸ்டிக் மேல் விழுந்தால் செல்லாது. இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி உரிக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை. செய்யக்கூடாது. பசை இளகும்போது அச்சு மையும் பிளாஸ்டிக்கோடு கிளம்பிவிடும். இயற்பியல் மதிப்பெண் உறையில் ஒட்டிக்கொண்டு, காகிதத்தில் வெள்ளை இடம்தான் மிஞ்சும். பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இரண்டாம்படி கேட்டு விண்ணப்பிப்பதே வழி. நாளாகும்.

ஆகஸ்ட் 10

யார் லேமினேட் செய்தது என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 17

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதியை மறுபடி படித்தாயிற்று. குறைந்தது 54 மாதப் படிப்பு. அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப், அதுவும் அதே கல்லூரியில். ஆங்கிலவழி. அந்த நாட்டுக்காரருக்கு இணையாக அங்கே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி. சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் எல்லாம் முடியவேண்டும். நடுவில் கல்லூரி மாறினால் போயிற்று.

ஏஜென்ட் "ஆறு வருஷம், 360 கிரெடிட்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த ஆறுக்குள் இன்டர்ன்ஷிப் அடக்கமா, வெளியேயா? வாய்ப்பேச்சு வேண்டாம். பாடத்திட்டத்தில் மாதக்கணக்கோடு காட்டட்டும்.

ஆகஸ்ட் 18

ஹெபடைடிஸ் பி முதல் ஊசி. 0, 1, 6 மாதம் என்பது கணக்கு. இரண்டாவது இங்கே, மூன்றாவது பிப்ரவரியில் அங்கே. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்க்கவேண்டும், mIU/mL கணக்கில் 10க்குக் குறையக்கூடாது. நர்ஸ் அட்டையில் இனிஷியல் போட்டுவிட்டார். வேறு அட்டை வாங்கியாயிற்று.

செப்டம்பர் 1

கல்லூரிக் கட்டணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கியில் ஏ2 படிவம். 'கட்டணம் யாருடையது' என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் 'பகிர்வு' என்று டிக் அடித்துவிடுவார்கள். அப்படி அடித்தால் வழியில் உள்ள வங்கி தன் கூலியை எடுத்துக்கொள்ளும். 5,000 டாலர் அனுப்பினால், 25 போய் 4,975 விழுந்தது என்று வையுங்கள், கல்லூரி பாக்கி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். முழுச் செலவும் அனுப்புபவருடையது என்றே குறிக்கவேண்டும். வங்கிக் கல்விக்கடன் பணம் என்றால் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) கிடையாது; கைப்பணம் என்றால் 10 லட்சத்துக்கு மேல் உண்டு. குறிப்பில் மாணவர் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

செப்டம்பர் 3

ஜார்ஜிய மொழிபெயர்ப்பு. 33 எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் இல்லை. நமக்கு ஒரே 'க'. அவர்களுக்கு மூச்சு விட்டுச் சொல்வது ஒன்று, மூச்சை அடக்கிச் சொல்வது ஒன்று. பாஸ்போர்ட்டை ஒருவரும் சான்றிதழை இன்னொருவரும் மொழிபெயர்த்தால் மறுபடி இரண்டு ஆள் ஆகிவிடும். முதல் மொழிபெயர்ப்பின் நகலைக் கையில் கொடுத்துத்தான் அடுத்ததைச் செய்யச் சொல்லவேண்டும்.

செப்டம்பர் 15

டிக்கெட்டில் 30 கிலோ. 3 லிட்டர் குக்கர், அடி இன்டக்‌ஷனுக்கு ஏற்றதா என்று காந்தம் வைத்துப் பார்த்தது. ஒட்டியது. குக்கருக்குள் பொடிப் பொட்டலங்கள். காஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு. கொப்பரை வேண்டாம், எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறும் சரக்கு, விமானத்தில் தடை. பவர் பேங்க் கைப்பையில். அங்கேயும் 220 வோல்ட், அதனால் கன்வெர்ட்டர் வெட்டிச் செலவு. உருண்டை இரண்டு முள் அடாப்டர் போதும்.

செப்டம்பர் 19

31.4 கிலோ. அனாட்டமி புத்தகம் இறங்கியது. குக்கர் இறங்கவில்லை.

செப்டம்பர் 22

விசா வரவில்லை.

செப்டம்பர் 23

வரவில்லை.

செப்டம்பர் 24

பாஸ்போர்ட் கூரியரில் கிளம்பிவிட்டதாகக் குறுஞ்செய்தி. வாங்கும்போது அடையாள அட்டை காட்டவேண்டுமாம். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால்.